முதலில் யார்டுக்குப் போங்க

சிஎன்சி மெஷினுக்குப் புரோகிராம் போடும் கேம் (CAM) புரோகிராமர் வேலைக்கு ஆள் வந்தால் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைப்பதில்லை. ஒரு டேப்பும் வெர்னியரும் டிராயிங்கும் கையில் கொடுத்து, யார்டில் கிடக்கும் ஒரு காஸ்டிங்கைக் காட்டுவேன். "இதுக்கு ஸ்டாக் என்ன குடுப்பீங்க?" இதுதான் கேள்வி. பாதிப்பேர் டிராயிங்கை மட்டும் பார்த்துவிட்டு, ஃபினிஷ் அளவோடு ஐந்து மில்லி கூட்டிச் சொல்லிவிடுவார்கள். சிலர் நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஒவ்வோர் இடத்தில் மட்டும் அளந்து எழுதிக்கொண்டு வருவார்கள். எப்போதாவது ஒருவர் காஸ்டிங்கைப் புரட்டிப்போட்டு, பார்ட்டிங் லைன் மேல் விரலை ஓட்டிப் பார்த்து, "மேல் பாதி ஒரு பக்கமாத் தள்ளி நிக்குதுங்களே சார்" என்பார். அவருக்கு எந்த மென்பொருள் தெரியும் என்று அப்புறம் நான் கேட்பதில்லை. எதுவும் தெரியாவிட்டாலும் ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்வார்.

கேம் மென்பொருளில் ஒரு ஜாபுக்கு டூல்பாத், அதாவது கட்டர் ஓடும் வழி, போடும்போது முதலில் நிரப்பவேண்டிய கட்டமே ஸ்டாக்தான். வெட்டுவதற்கு முன் அந்த இரும்பு எவ்வளவு பெரியது, எந்த வடிவத்தில் இருக்கிறது என்று மென்பொருளுக்குச் சொல்லும் இடம். பயிற்சி வகுப்புகளில் இதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். நான் பார்த்த டூல் உடைவுகளிலும் ஸ்பிண்டில் அடிகளிலும் பெரும்பகுதிக்கு அந்த இரண்டு நிமிடம்தான் காரணம்.

நான் கோயம்புத்தூரில் மெஷின் ஷாப்புக்குள் நுழைந்தது தொண்ணூறுகளின் நடுவில். பம்பு, மோட்டார், வால்வு, ஜவுளி இயந்திரப் பாகங்கள் என்று ஓடும் ஊர். எதைத் தொட்டாலும் அதற்கு அடியில் ஒரு பவுண்டரி இருக்கும். அதனால் எங்களுக்கு வரும் ஜாபில் முக்கால்வாசி காஸ்டிங். குறிச்சி சிட்கோவிலும் கணபதி, ஆவாரம்பாளையம் சந்துகளிலும் அப்போது சிஎன்சி மெஷின் வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். புரோகிராமைத் தாளில் எழுதி, ஃபேனக் கண்ட்ரோலில் வரிவரியாகத் தட்டி ஏற்றுவோம். அந்தத் தாளில் ஸ்டாக் என்ற பேச்சே இருக்காது. அது ஆபரேட்டரின் கண்ணிலும் காதிலும் இருந்தது. காஸ்டிங்கின் மேட்டில் கட்டரைத் தொடவைத்து, அங்கிருந்து மில்லி மில்லியாக இறக்குவார். சத்தம் மாறினால் ஃபீடைக் குறைப்பார். கட்டர் காற்றில் ஓடினால் ஏற்றுவார்.

ஆபரேட்டருக்கும் முன்னால் ஒருவர் இருந்தார், மார்க்கிங் அண்ணன். இன்றைக்கு நாங்கள் மென்பொருளில் செய்கிற வேலையை அவர் சர்ஃபேஸ் பிளேட் மேல் செய்துகொண்டிருந்தார். காஸ்டிங்கின் மேல் சுண்ணாம்பு அடித்துக் காயவிடுவார். மூன்று ஸ்க்ரூ ஜாக்கின் மேல் உட்காரவைத்து, ஹைட் கேஜால் சுற்றிச் சுற்றிக் கோடு இழுப்பார். ஒரு பக்கம் இரும்பு அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருந்தால், ஜாக்கை ஒரு திருப்பு திருப்பிச் சாய்த்து மறுபடி இழுப்பார். பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்த ஊர்ப் பெரியவர் மாதிரி, எந்த முகத்துக்கும் குறைவு வராமல் அலவன்ஸை, அதாவது வெட்டி எடுக்கக் கூடுதலாக விட்ட இரும்பை, பிரித்துக் கொடுப்பார். எங்குமே பிரிக்க முடியாத காஸ்டிங்கின் மேல் சிவப்புச் சாக்பீஸில் பெருக்கல் குறி போட்டுத் தள்ளிவிடுவார். மெஷின் மேல் ஏறும் ஜாப் எல்லாம் அவர் கோடு போட்டு அனுப்பியதாகவே இருந்ததால், புரோகிராமில் ஸ்டாக்கைப் பற்றி யாரும் கவலைப்படவேண்டியிருக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் முதலாளி ஒரு கேம் மென்பொருள் வாங்கினார். பிரிண்டர் போர்ட்டில் செருகும் டாங்கிள் ஒன்று அதோடு வந்தது. அந்தச் சின்னப் பெட்டி தொலைந்தால் மொத்தப் பணமும் போச்சு என்பதால் ராத்திரி அதைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டுவார். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று கண்ணாடி போட்டு ஏசி அறை கட்டினார்கள். அங்கேதான் பிரச்சினை ஆரம்பித்தது என்பேன். புரோகிராமர் ஏசிக்குள் போய்விட்டார், இரும்பு யார்டிலேயே கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் அளவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் வேலை என்று ஒருவரும் சொல்லவில்லை. சில வருடத்தில் மார்க்கிங் அண்ணனும் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. கம்ப்யூட்டர்தான் இருக்கிறதே என்றார்கள்.

அந்தக் காலத்து மென்பொருளில் ஸ்டாக் என்பது பார்ப்பதற்கு ஒரு பெட்டி, அவ்வளவுதான். டூல்பாத் அதைக் கண்டுகொள்ளாது. எல்லையை நாம் வரைந்து காட்டினால் அதற்குள் சுற்றிச் சுற்றி வெட்டும். பிறகுதான் பாத் கணக்குக்குள்ளேயே ஸ்டாக் வந்தது. பவர்மில்லில் அதை பிளாக் என்பார்கள், என்எக்ஸ் ஆட்கள் ஒவ்வொரு ஆபரேஷனுக்குப் பிறகும் மிஞ்சும் வடிவத்தை ஐபிடபிள்யூ என்பார்கள், மாஸ்டர்கேமில் ஸ்டாக் மாடல். எல்லாவற்றிலும் ஒரு பொதுவான வசதி உண்டு. பட்டனை அமுக்கினால் பார்ட்டைச் சுற்றி ஒட்டினாற்போல ஒரு பெட்டியைத் தானே போட்டுத் தரும். ஃபியூஷனில் புதிதாக செட்டப் திறந்தால் பக்கங்களிலும் மேலேயும் ஒரு மில்லி கூட்டிய பெட்டி தயாராக நிற்கும். எந்தக் கடையிலும் ஒரு மில்லி அலவன்ஸில் பேண்ட்சாவில் வெட்டிக் கொடுப்பதில்லை. வெட்டு முகம் நேராக இருந்தாலே பெரிய விஷயம். 200 மில்லி உயர பிளாக்கில் மேலுக்கும் கீழுக்கும் இரண்டு, மூன்று மில்லி சாய்ந்திருப்பது சாதாரணம். ஆனால் திரையில் பெட்டி அழகாக இருக்கும், சிமுலேஷன் பச்சையாக ஓடும், புதிதாக வந்த பையன் அதை மெஷினுக்கான புரோகிராமாகப் போஸ்ட் பண்ணிவிடுவான்.

பக்கத்து ஷாப் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் மெஷின் நிறுத்தத்தில் இருந்த நாள், சத்தம் கேட்டு நாங்களும் ஓடிப்போய்ப் பார்த்தோம். ஜாபின் ஃபினிஷ் தடிமன் 52 மில்லி. 56 மில்லி பிளேட் வாங்கி மேலே இரண்டு, கீழே இரண்டு எடுப்பதாகத் திட்டம். புரோகிராமர் 56 என்று ஸ்டாக் கொடுத்து வேலையை முடித்துவிட்டார். கடையில் 56 இல்லை. நம் ஊரில் பிளேட் தடிமன் 50, 56, 63 என்று படிபடியாகத்தான் கிடைக்கும். கடைக்காரர் 63-ஐக் கொடுத்து, "பெரிசுதானே, பரவாயில்லீங்க" என்றிருக்கிறார். பர்ச்சேஸ் பார்க்கிறவருக்கும் பரவாயில்லை, ஸ்டோருக்கும் பரவாயில்லை. ஜாப் வைஸில் ஏறியது. இசட் ஜீரோவை அடியில் பேரலல் மேல் எடுத்திருந்தார்கள். 54-ல் முதல் வெட்டு என்று எழுதியிருந்தபடியே ஃபேஸ் மில் இறங்கியது. இரண்டு மில்லி எடுக்கவேண்டிய கட்டருக்கு எதிரே ஒன்பது மில்லி. இன்செர்ட் எல்லாம் தெறித்து, பிளேட் வைஸிலிருந்து பிடுங்கிக்கொண்டு கதவில் போய் மோதியிருந்தது. ஆபரேட்டர் கதவைச் சாத்தியிருந்ததால் பிழைத்தார். அதே ஜாபுக்கு இசட் ஜீரோவை மேல் முகத்தில் தொட்டு எடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மிச்ச இரும்பு அடிப்பக்கம் நின்றிருக்கும், திருப்பிப் போடும்போது தலைவலி கொடுத்திருக்கும். ஸ்டாக்கைப் பேசும்போது டேட்டம், அதாவது அளவு தொடங்கும் இடம், எங்கே என்பதையும் சேர்த்துப் பேசாவிட்டால் பாதிப் பேச்சுதான் என்று நான் பையன்களிடம் சொல்வது இதனால்தான்.

அன்றைக்குச் சாயங்காலமே எங்கள் ஜாப் கார்டில் ஒரு கட்டம் சேர்த்தோம். பேண்ட்சாவிலிருந்து வரும் துண்டின் நீள, அகல, உயரத்தை, ஒவ்வொன்றையும் இரண்டு முனையிலும் அளந்து, பெரிய எண்ணை அதில் எழுதவேண்டும். துண்டின் மேலும் சாக்பீஸில் எழுதவேண்டும். இரண்டையும் பார்க்காமல் புரோகிராமர் போஸ்ட் பண்ணக்கூடாது. பிளேட் ஷாப்புக்கு வருவதற்கு முன்பே அதன் தடிமனைத் தெரிந்துகொள்ள ஒரு குறுக்குவழியும் உண்டு. இரும்பு எடையில்தான் வருகிறது. ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். 500-க்கு 400 பிளேட், 56 தடிமன் என்றால் 88 கிலோ நிற்கும், 63 என்றால் 99. பில்லில் 99 என்று பார்த்தவுடனேயே, வண்டி கேட்டுக்குள் வருமுன், ஸ்டாக்கை மாற்றிவிடலாம். எங்கள் கணக்குப் பிள்ளை இதைக் கற்றுக்கொண்டு, "சார், அந்த பிளேட் தடியா வருதுங்கோ" என்று என்னிடம் வந்து சொல்லுமளவுக்குத் தேறிவிட்டார். நல்ல புரோகிராமர் ஆகியிருப்பார். அவருக்கு அதில் ஆசை இல்லை.

பிளேட்டும் பிளாக்கும் எளிது. காஸ்டிங்தான் மனிதனைச் சோதிக்கும். டிராயிங்கில் மெஷினிங் அலவன்ஸ் 4 மில்லி என்று போட்டிருப்பார்கள். புரோகிராமர் ஃபினிஷ் மாடலை எடுத்து, வெட்டும் முகங்களை மட்டும் 4 மில்லி வெளியே தள்ளி, அதையே ஸ்டாக்காகக் கொடுப்பார். பார்க்க நியாயமாக இருக்கும். ஆனால் பேட்டர்னில் டிராஃப்ட் இருக்கிறது, மணலிலிருந்து உருவுவதற்கான சாய்வு. மேலே 4 என்றால் அடியில் 6 இருக்கும். துளைக்காக உள்ளே வைக்கும் கோர் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். துளையின் ஒரு சுவரில் 7, எதிர்ச் சுவரில் 1. மேல் பெட்டியும் கீழ்ப் பெட்டியும் ஒத்து உட்காராவிட்டால் பார்ட்டிங் லைனில் ஒரு படி நிற்கும். ரைசரை உடைத்த இடத்தில் ஃபெட்லிங் ஆட்கள் சரியாகத் தேய்க்காமல் விட்ட மொட்டு பத்து மில்லிக்குத் துருத்திக்கொண்டிருக்கும். வார்ப்புகளின் அளவு விலகலுக்கு ஐஎஸ்ஓ 8062 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதில் சிடி12 தரத்தில் 300 மில்லி அளவுக்கு மொத்தம் 9 மில்லி விலகல் வரை அனுமதி. பவுண்டரிக்காரர் ஒரு தப்பும் செய்யாமலேயே இரண்டு காஸ்டிங்குக்கு நடுவே அவ்வளவு வித்தியாசம் வரலாம் என்று அர்த்தம்.

ஒரு வால்வு பாடி ஜாபில் முதல் சில பீஸ் வெண்ணெய் போல ஓடியது. அடுத்ததில் டூல் உடைந்தது, அதற்கடுத்தது சரி, மறுபடி உடைந்தது. செட்டர் டூலைக் குறைசொன்னார். டூல் கம்பெனி ஆள் வந்து மெட்டீரியலைக் குறைசொன்னார். காஸ்டிங்கைக் கழுவிப் பார்த்தபோது அதன் மேல் சின்னதாக 1 என்றும் 2 என்றும் வார்த்திருந்தது. ஒரே பேட்டர்ன் பிளேட்டில் இரண்டு கேவிட்டி. இரண்டாம் எண்ணுக்காரர் எல்லாம் ஃபிளேஞ்சில் மூன்று மில்லி தடித்துப் பிறந்தவர்கள். ஸ்டாக் கொடுத்தவர் அளந்தது ஒன்றாம் எண். பவுண்டரியிலிருந்து ஜாப் வந்தால் இப்போது எண் வாரியாகப் பிரித்து அடுக்கச் சொல்கிறோம். ஒவ்வோர் எண்ணிலும் ஒன்றை அளந்து, பெரியதற்குத்தான் ஸ்டாக்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் பத்து மில்லி கூட்டிப் போட்டுவிட்டால் வம்பே இல்லையே என்று தோன்றும். நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஜாப் ஒர்க் எடுத்துப் பிழைக்கிற ஷாப்புக்கு அது கட்டுப்படியாகாது. 400-க்கு 300 முகம், 63 மில்லி ஃபேஸ் மில், 45 மில்லி தள்ளித் தள்ளி ஏழு ஓட்டம், 800 ஃபீட். ஒரு அடுக்குக்கு நாலு நிமிடம் ஆகும். அடுக்குக்கு 2 மில்லி என்றால், இல்லாத 6 மில்லியை இருப்பதாகச் சொன்னதற்கு மூன்று அடுக்கு, 12 நிமிடம் கட்டர் காற்றை வெட்டும். 200 பீஸ் ஆர்டருக்கு 40 மணி நேரம். மெஷின் மணிக்கு 500 ரூபாய் என்று வைத்தாலும் 20,000 ரூபாய் காற்றில் போகும். ஏர் கட்டிங்கில் ஒன்றும் உடையாது, சத்தமும் வராது, அதனால் யாரும் கேட்கமாட்டார்கள். மாதக் கடைசியில் முதலாளி மட்டும் தலையைச் சொறிவார்.

காஸ்டிங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டாக்கை அதிகமாகச் சொல்லும்போது கடைசிக் காற்று அடுக்கு சில சமயம் மேல் தோலை அரை மில்லிக்கு உரசிக்கொண்டு போகும். வார்ப்பின் தோலில் மணல் ஒட்டியிருக்கும், சில இடம் சில்லாகிக் கண்ணாடி மாதிரி கெட்டிப்பட்டிருக்கும். முதல் வெட்டு தோலுக்கு அடியில் இரண்டு, மூன்று மில்லி ஆழத்தில் நுழைந்துவிட வேண்டும். தோலிலேயே உரசினால் இன்செர்ட் அரை நாளில் மொட்டை. ஆகவே காஸ்டிங்குக்கு மென்பொருளின் அடுக்குகளை நம்பாமல், முதல் அடுக்கு எந்த உயரத்தில் விழவேண்டும் என்பதை நானே கையால் கொடுத்துவிடுவேன்.

இரண்டாவது செட்டப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். ஜாபைத் திருப்பிப் போட்டதும் பழைய பெட்டி செல்லாது. முதல் பக்கம் வெட்டி மிஞ்சியதுதான் இனி ஸ்டாக். ஆரம்பத்தில் இதற்கு வழியில்லாமல் மறுபடி முழுப் பெட்டியே கொடுப்போம், கட்டர் ஏற்கெனவே வெட்டிய பள்ளத்தின் மேலெல்லாம் வெறுமனே உலா வரும். பிறகு சிமுலேஷனில் மிஞ்சிய வடிவத்தை எஸ்டிஎல் கோப்பாகச் சேமித்து அடுத்த செட்டப்பில் கொண்டுவரக் கற்றோம். முக்கோணங்களால் ஆன அந்தக் கோப்பு நுணுக்கமாகப் போட்டால் கம்ப்யூட்டரை மூச்சுத் திணறவைக்கும், பெருவெட்டாகப் போட்டால் மூலைகளில் பொய் சொல்லும். இப்போது பெரும்பாலான மென்பொருளில் முந்தைய செட்டப்பிலிருந்து எடு என்று ஒரு வசதியே இருக்கிறது. ஆனாலும் திருப்புவது எந்த அச்சில் என்பதை மனிதன்தான் சொல்லவேண்டும். திரையில் ஒய் அச்சில் புரட்டியதை, மெஷினில் ஆபரேட்டர் எக்ஸ் அச்சில் புரட்டி வைத்தால், சதுரமான ஜாபில் வெளியே பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது. அதற்காகவே முதல் செட்டப்பில் ஒரு மூலையில் சின்னச் சாம்ஃபர் அடித்து, "இந்த மூலை உங்க இடது கை பக்கம்" என்று செட்டப் ஷீட்டில் எழுதுகிறோம்.

வைஸ் பிடிக்கிற அடிப்பகுதியையும் பலர் மறந்துவிடுவார்கள். அலுமினிய ஜாபில் அடியில் 5 மில்லி பிடித்து மேல்பக்கம் முழுவதையும் முடிப்போம். அந்த 5 மில்லியை ஸ்டாக்கில் சேர்க்காவிட்டால் திரையில் ஜாப் அந்தரத்தில் நிற்கும். துளை போடும் டிரில் அடியில் வெளியே வந்துவிட்டதாக மென்பொருள் நினைக்கும். உண்மையில் அது பிடித்த அலுமினியத்துக்குள் இருக்கும். பேரலலையும் வைஸ் வாயையும் சேர்த்து வரைந்துகொண்டால் இந்தத் தொல்லை இல்லை. வரைய ஒரு மணி நேரம் ஆகும், அதை ஒரு தடவை செய்து வைத்துக்கொண்டால் வருடக்கணக்கில் போதும்.

ஸ்டாக் மாடல் எங்களுக்கு உண்மையில் கைகொடுத்தது 2012 மின்வெட்டில். கோவையில் தொழில் வைத்திருந்தவர்கள் அந்த வருடத்தை மறக்கமாட்டார்கள். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று ஈபி ஆபீசுக்கே தெரியாது. அப்போது நாங்கள் பி20 பிளாக்கில் மோல்டு ரஃபிங் ஓட்டிக்கொண்டிருந்தோம். 600-க்கு 400-க்கு 200, கிட்டத்தட்ட 377 கிலோ. பாதிநாள் ஓடும் புரோகிராம். நடுவில் கரண்ட் போனால் கட்டர் இரும்புக்குள் அப்படியே நிற்கும். டீசல் ஜெனரேட்டரில் ஓட்டினால் கூலி டீசலுக்கே சரியாகிவிடும். மறுபடி கரண்ட் வந்ததும் வரி எண்ணைத் தேடிப் பிடித்து அங்கிருந்து ஓட்டினால், கட்டர் எந்த வழியாக உள்ளே இறங்கும் என்பதே புதிர். முழுதாக மறுபடி ஓட்டினால் அடுத்த கரண்ட் கட்டுக்குள் பழைய இடத்துக்கே போய்ச் சேராது. நாங்கள் செய்தது, நின்ற வரி வரைக்கும் சிமுலேஷனை ஓட்டி நிறுத்தி, அந்த நிலையில் இருக்கும் இரும்பையே ஸ்டாக்காகச் சேமித்து, மிச்சத்துக்குப் புதிய பாத் போடுவது. யுபிஎஸ்ஸில் கம்ப்யூட்டர் மட்டும் ஓடும். கரண்ட் இல்லாத நேரத்தில் புரோகிராம் தயாராகிவிடும். பெரிய புரோகிராமை இரண்டு மணி நேரத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் முந்தைய துண்டின் மிச்சத்தை ஸ்டாக்காகக் கொடுக்கும் பழக்கம் அப்போது வந்தது. மின்வெட்டு ஒழிந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை, ராத்திரி ஷிஃப்டில் டூல் உடைந்தாலும் அது உதவுகிறது.

நிஜமான மாற்றம் அதற்குப் பிறகு வந்தது. அடாப்டிவ் பாத். ஆட்டோடெஸ்க் 2012-ல் எச்எஸ்எம்வொர்க்ஸையும் 2014-ல் பர்மிங்காமின் டெல்கேமையும் வாங்கிய பிறகு, பெரிய கம்பெனிகளிடம் மட்டும் இருந்த இந்த வகை பாத் சின்ன ஷாப்புகளின் கைக்கும் வந்தது. பழைய முறையில் 12 மில்லி எண்ட் மில்லால் பக்கவாட்டில் பாதி, ஆழம் மூன்று மில்லி என்று மெதுவாகப் போவோம். புதிய முறையில் பக்கவாட்டில் ஒரே ஒரு மில்லி, ஆழம் 24 மில்லி. கட்டரின் முழுப் பல்லும் வேலை செய்யும். பக்கவாட்டு வெட்டு குறைவாக இருப்பதால் சில்லு மெலிந்து வரும், அதை ஈடுகட்ட ஃபீடை ஏறக்குறைய இரண்டு மடங்காக ஏற்றலாம். முதல்முறை ஓட்டிக் காட்டியபோது ஷாப்பே கூடி நின்று பார்த்தது.

இந்தக் கணக்கு முழுவதும் நிற்பது ஒரே அஸ்திவாரத்தின் மேல், ஸ்டாக்கின் ஓரம் எங்கே என்று நாம் சொன்னது உண்மையாக இருக்கவேண்டும். பிளாக் ஒரு பக்கம் நாலு மில்லி பெரிதாக இருந்தால், ஒரு மில்லி எடுக்கவேண்டிய முதல் வெட்டு ஐந்து மில்லி எடுக்கும், அதுவும் 24 மில்லி ஆழத்தில், இரண்டு மடங்கு ஃபீடில். கார்பைடு கட்டர் ஒரு 'டிக்' சத்தத்தோடு முடிந்துவிடும். பழைய பாத்தில் அதே நாலு மில்லிக்குச் சத்தம் கொஞ்சம் கனத்துப்போகும், ஆபரேட்டர் கையை ஓவர்ரைடுக்குக் கொண்டுபோவார், அதோடு சரி. பாத் புத்திசாலி ஆக ஆக, ஸ்டாக்கில் நாம் சொல்லும் பொய்க்கு மன்னிப்புக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. எங்கள் ஆபரேட்டர்கள் இதைத் தங்களுக்குள் சரியாகப் பிடித்துவைத்திருந்தார்கள். "மொத ரவுண்டு தாண்டீட்டா பொழச்சுக்குமுங்க" என்பார்கள். முதல் சுற்றுக்குப் பிறகு ஓரம் மென்பொருள் நினைத்தபடி ஆகிவிடுவதால் அது நூற்றுக்கு நூறு சரி. இன்று அடாப்டிவ்வுக்கு முன்னால் பிளாக்கைச் சுற்றி மெதுவாக ஒரு சைடு கிளீன் ஓட்டிவிடுகிறோம். கேஸ் கட்டிங் பிளேட் என்றால் கட்டாயம். அதன் ஓரம் அலை அலையாக இருப்பதோடு, சூடு பட்டுக் கெட்டியாகியும் இருக்கும். தொடர்ந்து வரும் ஜாபுக்கு ஆறு முகமும் மில் செய்த பிளாக்காகவே வாங்கிவிடச் சொல்கிறேன். கிலோவுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை கட்டர் செலவில் திரும்பிவிடுகிறது.

மூலையில் மிஞ்சியதைச் சின்ன கட்டரால் எடுக்கும் ரெஸ்ட் மெஷினிங்கிலும் இதே கதைதான், அளவுதான் சின்னது. முந்தைய கட்டர் எதை விட்டுவைத்தது என்று மென்பொருள் கணக்குப் போட்டு வைத்திருக்கும். ஷாப்பில் R0.8 இன்செர்ட் தீர்ந்து, ஆபரேட்டர் R2 போட்டு ஓட்டியிருப்பார். தரையோரம் மென்பொருளுக்குத் தெரியாத ஒரு மேடு நிற்கும். பின்னால் வரும் 6 மில்லி கட்டர் அதில் முட்டும். ரீகிரைண்ட் செய்து 15.7 ஆன கட்டரை 16 என்று நம்பி ஓட்டுவதும் இந்த வகைதான். எந்த டூல் உண்மையில் ஓடியது என்று ராத்திரி ஷிஃப்ட் ஆட்கள் எழுதிவைத்தால் போதும். எழுதவைப்பதுதான் பாடு.

லேத்தில் விஷயம் கொஞ்சம் லேசு. பிரைட் பாரை நம்பலாம், பிளாக் பாரை நம்பக்கூடாது, அது விட்டத்திலும் வட்டத்திலும் ஏமாற்றும். ஃபோர்ஜிங் என்றால் டை தேயத் தேய பீஸ் தடிக்கும் என்பதால், ஒவ்வொரு லாட்டிலும் ஒன்றை அளந்தால் போதும். பழைய மோல்டில் வெல்டு வைத்து மறுபடி வெட்டும் வேலைதான் எனக்கு எப்போதும் பிடிக்காதது. வெல்டு மேடு எந்தக் கோப்பிலும் இருக்காது, பக்கத்து இரும்பைவிடக் கெட்டியாகவும் இருக்கும். அதை டயல் வைத்துத் தடவித்தான் அறியவேண்டும்.

இப்போது ஸ்பிண்டிலில் புரோப் இருக்கிறது. காஸ்டிங்கை வைத்ததும் நாலைந்து இடத்தில் தொட்டுப் பார்த்து, அலவன்ஸ் பரவலாக வருகிற மாதிரி ஜி54-ஐ நகர்த்தி, சாய்வையும் திருத்திக்கொள்ளும் மேக்ரோ எழுதியிருக்கிறோம். மார்க்கிங் அண்ணன் ஜாக்கைத் திருப்பிச் செய்ததையே மெஷின் சில நிமிடத்தில் செய்கிறது. தொடச் சொன்ன இடத்தை மட்டும்தான் அது தொடும். அவர் சுற்றி வந்து பார்ப்பார். அதனால் பெரிய, விலையுயர்ந்த காஸ்டிங்குகளை வெளியே கொடுத்து ஸ்கேன் எடுத்துவிடுகிறோம். ஸ்கேனில் வந்த வடிவமே ஸ்டாக். அதற்குள் ஃபினிஷ் மாடலை அசைத்து அசைத்து உட்காரவைத்துப் பார்க்கலாம்.

போன வருடம் எஸ்ஜி அயர்ன் ஹவுசிங் ஒன்று வந்தது. ஸ்கேனுக்குள் மாடல் எப்படி அசைத்தாலும் உட்காரவில்லை. ஒரு பாஸில், துருத்தி நிற்கும் மேட்டில், இரும்பு ஃபினிஷ் அளவுக்கு உள்ளேயே நின்றது. ஒரு மில்லிகூட வெட்டுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது என்பது எங்களுக்குப் பெரிய லாபம். வெட்டிய பிறகு சொன்னால் பவுண்டரியில், "நீங்க செட்டிங் மாத்தி வெட்டீட்டீங்க" என்பார்கள். கூலி யார் கொடுப்பது என்று ஒரு மாதம் இழுக்கும். ஸ்கேன் படத்தில் குறைவான இடத்தைச் சிவப்பாகக் காட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பவுண்டரி மேனேஜர் உடனே கூப்பிட்டார்.

"ஏனுங்க, அந்த எடத்துல மட்டும் நிக்கல் ராடுல நாலு மில்லி வெல்டு வெச்சுக் குடுத்தா ஓட்டிருவீங்களா?"

"ஓட்டலாங்க. வெல்டு வெச்சதும் மறுபடி ஸ்கேன் எடுக்கணும், அந்தச் செலவு உங்களுது. டூல் போனா அதுவும். பார்ட்டிகிட்ட வெல்டுக்கு லெட்டர்ல சம்மதம் வாங்கிக் குடுத்துருங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, நாளைக்கு வண்டி அனுப்புகிறேன், காஸ்டிங்கை ஏற்றிவிடுங்கள், இரண்டு வாரத்தில் வேறு வார்த்துத் தருகிறேன் என்றார். பேட்டர்னில் அந்த பாஸையும் பார்த்துவிடச் சொல்லி, புதிய காஸ்டிங்குக்கும் ஸ்கேனுக்குத் தேதி குறித்துவைத்தேன்.